சாம்பல் பூச்சுக்குக் காத்திருந்த கப்பல்

பல்செட்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான்கு மாதமாக யாரும் சாப்பிடவில்லை. அதன் மேல் ஒரு விண்கப்பல் நின்றுகொண்டிருந்தது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான நீளம். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், பார்க்கச் சகிக்காது. உடம்பு வெள்ளை பிளாஸ்டிக் தகடு. பின்பக்க எஞ்சின்கள் இரண்டும் ஷாம்பூ பாட்டில்கள், ஒன்று பச்சை, ஒன்று நீலம். முதுகு முழுக்கப் பேனா மூடிகள், சவர பிளேடின் தலைகள், செத்துப்போன பிரிண்டரின் பல்சக்கரங்கள், மாத்திரை அட்டையில் மாத்திரை இருந்த குமிழ்கள். தெரியாதவர்கள் பார்த்தால் குப்பைக்கூடை கவிழ்ந்துவிட்டது என்று துடைப்பத்தைத் தேடுவார்கள்.

தெரிந்தவர்களுக்குத் தெரியும், இந்த வேலையே அப்படித்தான். பெட்டியில் விற்கும் மாதிரிகளை வாங்கி ஒட்டுவது ஒரு ரகம். அந்த ஆட்களைப் பல்செட்காரர் மதிக்கவே மாட்டார். இவர் ஒன்றுமில்லாததிலிருந்து செய்கிற ரகம். மனதில் ஒரு கப்பல் இருக்கும், அதைக் காகிதத்தில் வரைவார், எழுபத்திரண்டில் ஒரு பங்காகக் குறைப்பார், தகட்டைக் கீறி ஒடித்து ஒட்டுவார். மேலே வரும் குழாய், வால்வு, மூடி, முடிச்சு எல்லாவற்றுக்கும் வீட்டுக் குப்பைதான். கடைசியில் எல்லாவற்றின் மேலும் ஒரே ஒரு சாம்பல் நிறப் பூச்சு. அது விழுந்த அடுத்த நிமிடம் ஷாம்பூ பாட்டில் ஷாம்பூ பாட்டிலாக இருக்காது. எங்கிருந்து எது வந்தது என்று செய்தவருக்கே மறந்துபோகும். மூவாயிரம் டன் இரும்பு அங்கே நிற்கும்.

இதற்கு முன் ஆறு கப்பல் செய்திருக்கிறார். ஆறுக்கும் பசை காய்வதற்குள் சாம்பல் ஏறிவிட்டது. அவ்வளவு அவசரக்காரர். இந்த ஏழாவதுதான் நான்கு மாதமாகப் பச்சையும் நீலமுமாக நிற்கிறது. ஒட்ட வேண்டியதெல்லாம் ஒட்டியாயிற்று. பூசத்தான் கை வரவில்லை.

பத்தொன்பது வயதில் பல் கட்டும் லேப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். முப்பத்தைந்து வருடமாக அதே ஸ்டூல், அதே ஜன்னல். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை எடுத்து, மெழுகு வைத்து, பல் வரிசை கட்டித் திருப்பி அனுப்புவார். அந்த வாய்க்குச் சொந்தக்காரர் யார் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தெருவில் யாராவது சிரித்தால் மனிதனைப் பார்க்கமாட்டார், பல்லைப் பார்ப்பார். குனிந்த தலை நிமிராத வேலை. அதனால் பேச்சும் குனிந்துபோயிற்று. ஏதாவது கேட்டால் நெஞ்சைப் பார்த்து முணுமுணுப்பார், அது சட்டைப் பொத்தானுக்குத்தான் கேட்கும்.

இப்படிப்பட்டவருக்குக் காது கேளாத மனைவி வாய்த்ததை என்னவென்று சொல்வது!

தாலி கட்டும்போது நன்றாகக் கேட்ட காதுதான். சட்டைத் தொழிற்சாலையில் இருபது வருடம் நூறு தையல் மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்து தைத்தாள். அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டது. நாற்பது வயதில் இரண்டு காதுக்கும் மெஷின் வைத்துக்கொண்டாள். வாங்கும்போதே பழைய மாடல். முந்திரிப் பருப்பு மாதிரி காதுக்குப் பின்னால் வளைந்து உட்காரும். பேட்டரிக்கு ஒரு குட்டிக் கதவு. நகத்தால் அதைத் திறந்தால் மெஷின் அணைந்துவிடும், மூடினால் பத்து நொடி கழித்து உயிர் வரும். அவர் விண்கப்பலைப் பற்றி ஆரம்பித்தால் போதும், அவள் கை காதுக்குப் போகும். டக்.

“முகத்தைப் பார்த்துப் பேசுங்க. இல்லைன்னா பேசாதீங்க” என்பாள். தினமும் பத்து தடவையாவது சொல்லுவாள்.

அந்த மெஷினுக்கு ஒரு குணம் இருந்தது. காதுக்கு மிக அருகில் எது வந்தாலும் கீ என்று விசிலடிக்கும். தலையணை பட்டால் அடிக்கும், துண்டு பட்டால் அடிக்கும். வாங்கிய வாரத்தில் அவர் ஏதோ ரகசியம் சொல்லப்போகிறவர் மாதிரி கன்னத்தருகே குனிந்தார். கீ! இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது. பிறகு அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“கிட்ட வந்தாலே ஊரைக் கூட்டுது பாருங்க. வெட்கங்கெட்ட மெஷின்!”

பதினோரு வருடம் அது அவர்களுக்குள் ஓடிய வேடிக்கை. பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகள் அந்த விசிலைக் கேட்டு “அம்மா, கெட்டில் கத்துது” என்று குரல் கொடுப்பாள். தெரியாமல் கொடுத்தாளா, தெரிந்தே கொடுத்தாளா என்று இருவரும் யோசித்ததுண்டு.

கப்பலைக் குப்பைக் கப்பல் என்று கேலி செய்தவளும் அவள்தான், குப்பையைச் சேர்த்துக் கொடுத்தவளும் அவள்தான். ஒரு மிட்டாய் டப்பா வைத்திருந்தாள். எதையாவது தூக்கிப்போடப் போகும்போது ஒரு நிமிடம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். “இது ஆகுமா உங்களுக்கு?” ஆகும் என்று அவர் தலையாட்டினால் டப்பாவுக்குள் விழும். இந்த ஏழாவது கப்பலுக்கு அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

“ஜன்னல் இல்லாத வண்டியில நான் ஏறமாட்டேன்.”

நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல் வைத்தார். பல் ராவும் ஊசியால் ஒவ்வொன்றாகத் துளைத்தது.

பிறகு அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நர்ஸ் இரண்டு மெஷினையும் கழற்றி ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு அவர் கையில் கொடுத்தாள். “தொலைஞ்சிரும் சார், நீங்களே வச்சுக்கங்க.” சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். போட்டதை அந்தக் கணமே மறந்தார்.

இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். முப்பது வருடம் பேசாததையெல்லாம் பேசினார். தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையைப் பார்த்தே, குனிந்தபடி பேசினார். அவள் சிரித்தாள், தலையாட்டினாள். இரண்டாம் நாள் மதியம், “பயமா இருக்கா?” என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் காலையில் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அந்தக் கவர் தரையில் விழுந்தது.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூட. எப்படிச் சொல்வது? அவள் காதைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்றா?

அந்தத் தலையாட்டல் அவரைப் பிடித்துக்கொண்டது. அவருக்குத் தெரிந்த தலையாட்டல்தான் அது. கேட்காதபோது ஆட்டுவாள். பஸ் கண்டக்டரிடம் ஆட்டுவாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் ஆட்டுவாள். ஆனால் பயந்தால் ஒருவர் எப்படித் தலையாட்டுவார்? அதுவும் அப்படித்தானே இருக்கும்? லேப் அலமாரியில் கீல் வைத்த சட்டங்களில் மாவுத் தாடைகள் வரிசையாக இருக்கும், மேல் தாடை, கீழ்த் தாடை. தெருவில் லாரி போனால் எல்லாம் லேசாக ஆடும். முப்பத்தைந்து வருடமாக ஆடிக்கொண்டிருப்பவைதான். இப்போது ஆமாம், ஆமாம், பயம்தான் என்று இருபது வாய்கள் சொல்வதாகத் தோன்றியது. ஸ்டூலைத் திருப்பிப்போட்டு அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் ஆடுவது இன்னும் மோசமாக இருந்தது.

அவள் போன பிறகு டப்பாவில் மிச்சமிருந்ததையெல்லாம் கப்பலில் ஒட்டித் தீர்த்தார். கடைசியாக எட்டி நின்று பார்த்தபோதுதான் புரிந்தது, கப்பலில் இருக்கும் ஒவ்வொன்றும் அவள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பொருள். சாம்பல் பூசினால் அத்தனையும் போய்விடும். பூசாவிட்டால் அவள் ஏறுவதாகச் சொன்ன கப்பல் கடைசிவரை கப்பலே ஆகாது.

அவருடைய கப்பல்களுக்கெல்லாம் பூச்சு அடிப்பவர் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் பெயிண்டர். அவர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை நூலக ஹால்ல நம்ம மாடல் சங்கத்துக் கண்காட்சி. பேர் கொடுத்தாச்சு. சனிக்கிழமை ஸ்ப்ரே கன்னோட வர்றேன். இந்தத் தடவை சாக்குச் சொன்னீங்க, உங்களுக்கும் சேர்த்து சாம்பல் அடிச்சிருவேன்.”

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். திருமணமாகி நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிறாள். அம்மாவின் மெஷின்களை யாராவது ஏழைக்குக் கொடுக்கலாம் என்று அவளுக்கு எண்ணம். புதுப் பேட்டரி போட்டுச் சோதித்தாள். வலது செத்துவிட்டது, இடது வேலை செய்தது. கதவைத் திறந்து அணைத்துவிட்டு, இரண்டையும் அலமாரியில் வைத்தாள். “அடுத்த வாரம் எடுத்துட்டுப் போறேன்பா.”

அவர் அலமாரியையே பார்த்தார். வேறு ஒருவர் காதிலா?

திங்கட்கிழமை காலை லேப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு காரியம் செய்தார். கப்பலின் மூக்குப்பக்கம், மாலுமிகள் உட்காரும் அறைக்குக் கீழே, ஒரு பள்ளம் சும்மா இருந்தது. இடது மெஷினை எடுத்து வைத்துப் பார்த்தார். அதற்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. ஒரு சொட்டுப் பசை. பேட்டரிக் கதவு மட்டும் துருத்திக்கொண்டு நின்று கோட்டைக் கெடுத்தது. கட்டைவிரலால் அழுத்தினார். டக். கோடு நேரானது. இந்த ஆட்களின் கண்ணுக்குக் கோடுதான் தெரியும், வேறெதுவும் தெரியாது. இனி யாருக்கும் கொடுக்க முடியாது என்ற திருப்தியோடு கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட வந்தவர், கப்பலின் ஓரம் நேராக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூக்குப்பக்கம் கன்னத்தைக் கொண்டுபோனார்.

கீ.

அவர் உடம்புக்கு முதலில் தெரிந்துவிட்டது. புத்திக்குத் தெரியப் பின்னும் சிறிது நேரம் பிடித்தது. அதுவரை குனிந்த நிலையிலேயே நின்றார். பின்வாங்கினார். நின்றுவிட்டது. கிட்டே போனார். கீ. நல்ல வெயில் நேரம், ஜன்னல் திறந்திருக்கிறது, எதிர்வீட்டில் யாரோ வாளியை உருட்டுகிறார்கள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

மகள் போட்ட பேட்டரி, தன் கட்டைவிரல். கணக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். சொல்பவர்களுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிடலாம். அவருக்குக் காரணம் தெரிந்த பிறகுதான் பயமே வந்தது. அந்தப் பேட்டரி ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள் உயிரோடு இருக்கும்.

புதனும் வியாழனும் வெள்ளியும் மதியம் ஓட்டமாக வீட்டுக்கு வந்தார். கன்னத்தைக் கொண்டுபோவார், அது அடிக்கும், சற்று நேரம் அப்படியே நிற்பார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசலாம் என்று வாய் எடுத்தால் அந்தத் தலையாட்டல் கண்முன் வந்தது.

சனிக்கிழமை மகளும் பெயிண்டரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். பெயிண்டர் கொல்லைப்புறத்தில் கம்ப்ரஸரை இறக்கினார். பல்செட்காரர் கப்பலின் ஜன்னல்களில் பெயிண்ட் படாமலிருக்கக் குட்டிக் குட்டியாக டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். மகள் அலமாரியைக் குடைந்தாள்.

“அப்பா, அம்மா மெஷின் ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?”

அவர் டேப்பைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். மகள் மேஜைக்கு வந்தாள். கப்பலை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்து வெகுநாளாயிற்று.

“இது என் பேனா மூடிப்பா. பரீட்சைக்கு வாங்கினது. இது அம்மாவோட நூல்கண்டு. இது...” என்று சொல்லிக்கொண்டே மூக்குப்பக்கம் குனிந்தாள்.

கீ.

கொல்லைப்புறத்திலிருந்து பெயிண்டர் எட்டிப்பார்த்தார். “என்னண்ணே, சவுண்டெல்லாம் வச்சிருக்கீங்க! சொல்லவே இல்லை!” இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். பெயிண்டராக இருந்தாலும் இங்கிதம் தெரிந்த மனிதர்.

மகள் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல், டேப் ஒட்டுவதை நிறுத்தாமல், நான்கு மாதமாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னார். கவர், பாக்கெட், இரண்டு நாள், எல்லாம்.

“ரெண்டு நாளும் அவளுக்கு ஒண்ணுமே கேட்டிருக்காதும்மா. நான் மடையன் மாதிரி பேசிக்கிட்டே இருந்தேன்.”

“தெரியும்பா.”

டேப் கையிலேயே நின்றது.

“ஆஸ்பத்திரியில முதல் நாள் சாயங்காலம் நீங்க டீ குடிக்கப் போனீங்கல்ல. மெஷின் எங்கம்மான்னு எழுதிக் காமிச்சேன். அப்பா பாக்கெட்ல இருக்கு, கவர் வெளியில தெரியுதுன்னாங்க. வாங்கித் தரட்டுமான்னு எழுதினேன். வேண்டவே வேண்டாம்னுட்டாங்க.”

“ஏன்?”

“மெஷினைக் கேட்டா பேச்சை நிறுத்திருவாராம். ‘உங்கப்பா இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லைடி. பேசட்டும், நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்’னு சொன்னாங்க.”

“இத்தனை நாள் என்கிட்ட ஏன் சொல்லலை?”

“எப்பப்பா சொல்றது? நான் வர்றப்பெல்லாம் தலையைக் குனிஞ்சு பசை போட்டுக்கிட்டு இருக்கீங்க.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவருக்கு மனம் லேசானது, உடனே முன்னைவிடக் கனத்தது. இரண்டு நாள் அவர் உதடு அசைவதை அவள் ஆசையாகப் பார்த்திருக்கிறாள். சரி. அப்படியானால் குனிந்தபடி கேட்ட அந்தக் கேள்வி அவளிடம் போய்ச் சேரவே இல்லை. அந்தத் தலையாட்டல் எதற்கும் பதில் இல்லை.

“அவளுக்குப் பயமா இருந்துச்சா?” என்று மகளிடம் கேட்டார்.

“நான் கேக்கலைப்பா. எனக்கு தைரியம் வரலை.”

அவர் எழுந்து கொல்லைப்புறக் கதவைத் திறந்தார். “தம்பி, வாங்க. அடிச்சிரலாம்.”

கப்பலைத் தூக்கிக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோனார்கள். மெஷினின் ஒலி வாங்கும் துளையிலும் கடுகளவு டேப் ஒட்டினார். பெயிண்டர் அது என்ன என்று கேட்கவில்லை. கம்ப்ரஸர் உறுமியது. முதல் வீச்சில் பச்சை பாட்டிலும் நீல பாட்டிலும் ஒரே நிறமாயின. பேனா மூடி போயிற்று. நூல்கண்டு போயிற்று. மாத்திரைக் குமிழ்கள் போயின. மகள் அவர் கையைப் பிடித்திருந்தாள். பூச்சு முடிந்து டேப்புகளை உரித்தபோது கொல்லைப்புறத்தில் பிரம்மாண்டமான ஒரு கப்பல் நின்றது, நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்களோடு. மூவரும் சொல்லிவைத்த மாதிரி ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நூலக ஹாலில் கூட்டம் அதைத்தான் சூழ்ந்தது. குனிந்தவர்களுக்கெல்லாம் விசில் கிடைத்தது. சென்சார் வைத்திருக்கிறார், பெரிய மூளைக்காரர் என்று பேசிக்கொண்டார்கள். எந்த மாதிரி எச்சரிக்கை இது என்று சங்கச் செயலாளர் கேட்டார்.

“யாரோ கிட்ட வந்திருக்காங்கன்னு அர்த்தம்” என்றார் பல்செட்காரர்.

புதன்கிழமை மதியம் மேஜையருகே கன்னத்தைக் கொண்டுபோனபோது சத்தம் வரவில்லை. இன்னும் கிட்டே போனார். சாம்பல் பூச்சு கன்னத்தில் சில்லென்று பட்டது. ஒன்றுமில்லை.

அலமாரியில் மகள் விட்டுப்போன பேட்டரி அட்டையில் இன்னும் நான்கு மிச்சமிருந்தன. ஒன்றைப் பிரித்தெடுத்தார். பூச்சைக் கீறினால் கதவு திறந்துவிடும். நகத்தைக் கொண்டுபோய்க் கோட்டின் மேல் வைத்தார். வேண்டவே வேண்டாம் என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. கையை எடுத்தார்.

பிறகு கப்பலைச் சுற்றித் திருப்பினார். ஜன்னல்கள் அதிகமுள்ள பக்கம் நாற்காலிக்கு நேராக வரும்படி வைத்தார். வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு உட்கார்ந்தார். கழுத்து வலிக்க வலிக்கத் தலையை நிமிர்த்தினார். முப்பத்தைந்து வருடக் கூன், லேசில் நிமிர்ந்துவிடுமா?

லேப்பில் அன்று வந்த அச்சைப் பற்றிச் சொன்னார். மகள் அழுததைச் சொன்னார். உதடு நன்றாகத் தெரியட்டும் என்று மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக விட்டுச் சொன்னார்.

கடைசியில் கேட்டார்: “பயமா இருந்துச்சா?”

கேட்டுவிட்டு, குனியாமல், ஜன்னல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.